இருவர் பேசும்போது உடம்புகள் ஒத்துப்போவதை ஆராய ஒரு வாழ்நாள் வேண்டுமா?

உளவியல் முதுகலை படிக்கும் ஒருவர் கேட்டது இது: "ஒரு பேராசிரியரின் அறிமுகக் குறிப்பில், சமூக ஊடாட்டத்தில் ஒருங்கிணைந்த நடத்தைதான் அவருடைய முப்பது வருட ஆய்வு என்று இருந்தது. பேசும்போது இரண்டு பேரும் தலையாட்டுகிறார்கள், சேர்ந்து நடந்தால் கால் ஒன்றாக விழுகிறது, அவ்வளவுதானே? இதில் முப்பது வருடம் என்ன செய்வார்கள்? இது நிஜமான அறிவியலா, இல்லை பாடி லாங்குவேஜ் புத்தகங்களில் வருகிற சமாச்சாரமா? நான் இதில் முனைவர் பட்டத்துக்குப் போகலாமா?"

நிஜமான அறிவியல்தான், போகலாம். ஆனால் எந்த மாதிரி வேலை என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். மனிதர்கள் ஒத்துப்போகிறார்கள் என்று பார்ப்பது சுலபம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்தது தற்செயல் அல்ல என்று காட்டுவதுதான் கஷ்டம். இந்தத் துறையில் அறுபது வருடமாக உருப்படியாக நடந்ததெல்லாம் இந்த ஒரு கஷ்டத்தைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

முதலில், ஏன் இது சாதாரண விஷயம் இல்லை என்பதற்கு ஒரே ஒரு எண். 2009-இல் டான்யா ஸ்டிவர்ஸும் அவருடைய சகாக்களும் பத்து மொழிகளில் நடந்த பேச்சுகளை எடுத்து, ஒருவர் கேள்வி கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதிலை ஆரம்பித்ததற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்தார்கள். சராசரி சுமார் 200 மில்லிவிநாடி, அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. மொழிக்கு மொழி கொஞ்சம் மாறுகிறது: ஜப்பானியரிடம் இடைவெளி கிட்டத்தட்ட பூஜ்யம், டேனிஷ் பேசுபவர்களிடம் அரை விநாடிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் எல்லாமே ஒரு குறுகிய எல்லைக்குள்தான். இப்போது இதைச் சேர்த்துப் பாருங்கள்: ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், அந்த ஒரு சொல் வாயில் வரவே 600 மில்லிவிநாடி ஆகிறது. அப்படியானால் எதிரில் இருப்பவர் நீங்கள் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு யோசிக்கவில்லை. நீங்கள் எங்கே முடிப்பீர்கள் என்று முன்கூட்டியே கணித்து, பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். இதை எல்லோரும் நாள் முழுக்க, எந்த முயற்சியும் தெரியாமல் செய்கிறோம். எப்படி என்று முழுதாக விளக்க இன்னும் யாராலும் முடியவில்லை.

இந்தத் துறையில் ஒருவருடைய வாழ்நாள் வேலை எப்படிப் போகும் என்பதற்கு நான் எப்போதும் காட்டுகிற ஆள் ஆடம் கெண்டன். 1934-இல் லண்டனில் பிறந்தவர், 2022-இல் காலமானார். கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டம். அங்கே சமூக உளவியலாளர் மைக்கேல் ஆர்கைலின் குழுவில் இருந்துகொண்டு 1967-இல் பார்வை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முன்பின் அறிமுகமில்லாத இருவரைப் பேசவிட்டுப் படம்பிடித்து, யார் எப்போது யாரைப் பார்க்கிறார்கள் என்று கணம் கணமாகக் குறித்தார். நீளமாகப் பேச ஆரம்பிக்கிறவர் முதலில் கண்ணை வேறு பக்கம் திருப்புகிறார், முடிக்கப்போகும்போது மறுபடி கேட்பவரைப் பார்க்கிறார். அப்படிப் பார்க்காமல் முடித்துவிட்டால் மற்றவர் பதில் சொல்லத் தாமதிக்கிறார், சில சமயம் பதிலே வருவதில்லை. அதுவரை பார்வை என்றால் அன்பு, கோபம், கூச்சம் என்று உணர்ச்சிக் கணக்கில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். "இப்போது உன் முறை" என்று சொல்லாமல் சொல்கிற வேலையையும் கண் செய்கிறது என்று இந்தக் கட்டுரை காட்டியது.

அப்புறம் அவர் அமெரிக்கா போனார். பிட்ஸ்பர்க்கில் ஒரு மனநல நிறுவனத்தில் வில்லியம் காண்டன் என்பவர் வேலை செய்துகொண்டிருந்தார் (கெண்டன், காண்டன்: பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று, ஆள் வேறு). காண்டன் ஒலியோடு எடுத்த படச்சுருளைக் கையால் முன்னும் பின்னும் ஓட்டி, ஃபிரேம் ஃபிரேமாகப் பார்ப்பவர். ஒரு குடும்பம் சாப்பிடும்போது எடுத்த படத்திலிருந்து நான்கரை விநாடித் துண்டு ஒன்றை ஒன்றரை வருடம் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அவர் கண்டதாகச் சொன்னது இது: பேசுபவரின் உடம்பில் தலை, கை, விரல் எல்லாம் திசை மாறுகிற இடங்கள் அவருடைய பேச்சொலிகளின் எல்லைகளோடு பொருந்துகின்றன. அதைவிட ஆச்சரியம், கேட்டுக்கொண்டு சும்மா இருப்பவரின் அசைவுகளும் அதே இடங்களில்தான் மாறுகின்றன.

கெண்டன் அந்த முறையைக் கற்றுக்கொண்டு, லண்டன் பப் ஒன்றில் எடுத்த படத்தில் அதைச் செய்து பார்த்து 1970-இல் வெளியிட்டார். அந்தக் கட்டுரையை இன்றைக்கும் மாணவர்கள் படிக்க வேண்டும், ஏனென்றால் "எல்லோரும் ஒத்திசைகிறார்கள்" என்று பொத்தாம்பொதுவாக அதில் அவர் சொல்லவில்லை. யாரை நோக்கிப் பேச்சு போகிறதோ அவருடைய அசைவு ஒரு மாதிரி, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவர்களுடையது வேறு மாதிரி. நேரடிக் கேட்பாளர்தான் பேசுபவரின் அசைவைக் கண்ணாடி போல எதிரொலிக்கிறார், அதுவும் பேச்சின் சில கட்டங்களில் மட்டும். ஒருங்கிணைவுக்கு ஒரு வேலை இருக்கிறது, அது இடத்துக்கு இடம் மாறுகிறது என்பது அப்போதே அவருக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு அவர் போன பாதையைப் பார்த்தால் உளவியல் துறை என்ற கட்டிடத்துக்குள் அவர் அதிகம் இருக்கவே இல்லை. ஒரு விருந்தில் மனிதர்கள் ஒருவரையொருவர் தூரத்தில் பார்த்து, கையசைத்து, கண்ணைத் தாழ்த்தி, கிட்ட வந்து வணக்கம் சொல்வதுவரை எத்தனை கட்டங்கள் என்று ஆராய்ந்தார். சிலர் நின்று பேசும்போது நடுவே எல்லோருக்கும் சமமான ஓர் இடத்தை எப்படி உண்டாக்கி, ஒருவர் நகர்ந்தால் மற்றவர்களும் நகர்ந்து அதைக் காப்பாற்றுகிறார்கள் என்று எழுதினார். கூட்டமாக நிற்பவர்களிடம் ஒரு ரோபோ எங்கே போய் நிற்க வேண்டும் என்று யோசிக்கும் பொறியாளர்கள் இன்று அந்த வேலையைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் ஆஸ்திரேலியா: பழங்குடிச் சமூகங்களில், குறிப்பாகக் கணவனை இழந்த பெண்கள் துக்க காலத்தில் வாய் பேசாமல் பயன்படுத்தும் சைகை மொழிகள். அதற்குப் பிறகு இத்தாலியில் நேப்பிள்ஸ் மக்களின் கைச்சைகைகள். உளவியல், மனநல மருத்துவமனை, மானுடவியல், மொழியியல் என்று துறை மாறிக்கொண்டே இருந்தது, கேள்வி மட்டும் அதேதான். எதிரில் இன்னொருவர் இருக்கும்போது உடம்பு எப்படி அவருக்கேற்ப ஒழுங்குபடுகிறது? முப்பது வருடம் எப்படிப் போகும் என்று கேட்டீர்களே, இப்படித்தான் போகும்.

சரி, பார்த்தது தற்செயல் அல்ல என்று காட்டுகிற அந்தக் கஷ்டத்துக்கு வருவோம்.

காண்டனின் வேலை பெரிய ஆர்வத்தைக் கிளப்பியது. 1974-இல் அவரும் லூயிஸ் சாண்டரும் 'சயன்ஸ்' இதழில், பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளின் அசைவுகூடப் பெரியவர்களின் பேச்சோடு ஒத்திசைகிறது என்று எழுதினார்கள். ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். விநாடிக்கு 25 ஃபிரேம் உள்ள படம். ஒருவருடைய உடம்பில் எங்காவது ஓர் அசைவு விநாடிக்கு மூன்று முறை திசை மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம், கை, தலை, கண் எல்லாம் சேர்த்தால் இது அதிகமே இல்லை. ஒரு ஃபிரேம் முன்னே பின்னே இருந்தாலும் "ஒரே நேரம்" என்று எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு மாற்றமும் மூன்று ஃபிரேமைப் பிடித்துக்கொள்ளும். மூன்று மூன்று ஒன்பது. அதாவது 25-இல் 9, சதவீதத்தில் 36. மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு தன்பாட்டுக்கு அசைந்தாலும் அவருடைய அசைவு மாற்றங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் "ஒத்திசைந்ததாக" உங்கள் தாளில் பதிவாகும்! ஒன்றரை வருடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் மனம் மிச்சத்தையும் நிரப்பிவிடும்.

1978-இல் ஜோசஃப் மெக்டவல் என்பவர் இந்தத் தற்செயல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் ஒத்திசைவு ஏறக்குறைய எதுவும் இல்லை என்றார். அவர் காண்டன் சொன்னதையே தவறாகப் புரிந்துகொண்டு அளந்திருக்கிறார் என்று 1981-இல் பதில் கட்டுரை வந்தது. பச்சிளம் குழந்தைகள் பற்றிய முடிவும் 1986-இல் கைகளின் அசைவை வைத்துச் சோதித்தபோது நிற்கவில்லை. துறையே இங்கே முடிந்திருக்கலாம்.

முடியாமல் காப்பாற்றியதில் ஃப்ராங்க் பெர்னியெரிக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து. ஹார்வர்டில் ராபர்ட் ரோசந்தாலிடம் படித்தவர். ரோசந்தால் யார் என்று தெரிந்திருக்கும், ஆய்வாளரின் எதிர்பார்ப்பே முடிவை எப்படி வளைக்கிறது என்று காட்டியவர். அப்படிப்பட்டவரின் மாணவர் இந்தக் கேள்வியைத் தொட்டது நல்ல காலம். 1988-இல் அவர்கள் தாய்களையும் குழந்தைகளையும் தனித்தனிக் காட்சிகளாகப் பதிவு செய்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்வையாளர்களுக்குக் காட்டினார்கள். சில காட்சிகளில் தாயும் குழந்தையும் நிஜமாகவே அந்த நேரத்தில் சேர்ந்து இருந்தவர்கள். சிலவற்றில் இல்லை, தாய் ஒரு நேரத்தில் எடுத்தது, குழந்தை வேறு நேரத்தில் எடுத்தது, ஒட்டவைத்த ஜோடி. எது எது என்று பார்வையாளர்களுக்குத் தெரியாது. இவர்கள் எவ்வளவு ஒத்து அசைகிறார்கள் என்று மதிப்பெண் மட்டும் போட வேண்டும்.

பொய் ஜோடிக்கும் மதிப்பெண் கிடைக்கும், பூஜ்யம் வராது. அதுதான் தற்செயலின் அளவு. நிஜ ஜோடி அதைவிட எவ்வளவு மேலே என்பதுதான் உண்மையான ஒத்திசைவு. தங்கள் சொந்தக் குழந்தையோடு இருந்த தாய்கள் அந்தத் தற்செயல் அளவுக்கு மேலே இருந்தார்கள், அறிமுகமில்லாத குழந்தையோடு இருந்தபோது அப்படி இல்லை. அதே வருடம் அவர் இன்னொரு ஆய்வில், ஒருவர் மற்றவருக்குக் கற்றுக்கொடுக்கும் ஜோடிகளில் அசைவு எவ்வளவு ஒத்துப்போனதோ அவ்வளவு, அவர்களே சொன்ன இணக்கமும் கூடுதலாக இருந்ததைக் காட்டினார்.

இந்தப் பொய் ஜோடி உத்தி இன்றைக்கும் துறையின் முதுகெலும்பு. பெயரும் கருவியும் மாறியிருக்கின்றன, யோசனை அதேதான். 2011-இல் ஃபேபியன் ராம்சேயரும் வுல்ஃப்காங் சாஹரும் உளவியல் சிகிச்சை அமர்வுகளின் வீடியோவில் பிக்சல் மாற்றங்களைக் கணினியால் அளந்து, சிகிச்சையாளரும் நோயாளியும் ஒத்து அசைந்த அமர்வுகளில் உறவும் நன்றாக இருந்தது, சிகிச்சைப் பலனும் கூடவே வந்தது என்று எழுதினார்கள். அங்கேயும் தற்செயல் அளவைத் தந்தவை, ஒரே அமர்வின் துண்டுகளைக் கலைத்து அடுக்கிய பொய் அமர்வுகள்தான். இனிமேல் யாராவது "இருவரும் ஒத்திசைந்தார்கள்" என்று சொன்னால், "எதோடு ஒப்பிட்டு?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தக் கட்டுரையை மூடிவைத்துவிடலாம்.

இன்னொரு கிளை இயக்கவியல் பக்கத்திலிருந்து வந்தது, எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு கை ஆட்காட்டி விரல்களையும் நீட்டி, ஒன்று இடப்பக்கம் போகும்போது மற்றதும் இடப்பக்கம் போகிற மாதிரி, காரின் வைப்பர் போல, ஆட்டுங்கள். மெதுவாக ஆட்டினால் வரும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் விரல்கள் தாமாகவே மாறி, இரண்டும் சேர்ந்து உள்ளே, சேர்ந்து வெளியே என்று ஆடத் தொடங்கும். தடுப்பது மிகவும் கஷ்டம். அந்தச் சமச்சீர் ஆட்டத்தில் தொடங்கி வேகம் கூட்டினால் வைப்பர் ஆட்டத்துக்கு மாறவே மாறாது. ஸ்காட் கெல்சோ இதை ஆராய்ந்து, 1985-இல் ஹெர்மன் ஹாக்கன் என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து சமன்பாடாகவும் எழுதினார்.

1990-இல் ரிச்சர்ட் ஷ்மிட், கிளாடியா கரெல்லோ, மைக்கேல் டர்வி மூவரும் கேட்ட கேள்வி: இரண்டு விரலும் ஒரே மூளைக்குச் சொந்தம், சரி, இரண்டு மனிதர்களின் கால்கள் என்றால்? இருவரை உட்காரவைத்து ஆளுக்கொரு காலை ஆட்டச் சொன்னார்கள். ஒருவர் காலை மற்றவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், தாளக்கருவி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். எதிரெதிர்த் திசையில் ஆட ஆரம்பித்த கால்கள், வேகம் கூடியதும் உடைந்து ஒரே திசைக்கு வந்தன. இரண்டு உடம்புகளுக்கும் நடுவே நரம்பு இல்லை, எலும்பு இல்லை, பார்வை மட்டும்தான். அதே விதி அங்கேயும் வேலை செய்தது. பின்னால் ஆடும் நாற்காலிகளில் இருவரை உட்காரவைத்தபோதும், மற்றவர் கண்ணில் பட்டால் போதும், நாற்காலிகளின் இயல்பான வேகம் வேறுவேறாக இருந்தும் ஆட்டம் ஒன்றையொன்று இழுத்தது. 2003-இல் கெவின் ஷாக்லியும் மற்றவர்களும், ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் நின்று பேசிக்கொள்பவர்களுக்குக்கூட, நிற்கும்போது உடம்பு லேசாகத் தள்ளாடுகிற அந்த நுண்ணிய அசைவில் பொதுத்தன்மை வருகிறது என்று காட்டினார்கள். அங்கே பார்வைகூட இல்லை, பேச்சு மட்டும்.

பாடி லாங்குவேஜ் புத்தகம் பற்றிக் கேட்டீர்கள். "எதிரில் இருப்பவர் செய்வதை அப்படியே செய்யுங்கள், அவருக்கு உங்களைப் பிடித்துவிடும்" என்ற அறிவுரை இந்த ஆய்வுகளிலிருந்து வளைத்து எடுத்ததுதான். டான்யா சார்ட்ரண்டும் ஜான் பார்கும் 1999-இல், தெரியாமலே நாம் மற்றவரின் முகம் தொடுவதையும் கால் ஆட்டுவதையும் பின்பற்றுகிறோம் என்று காட்டியது உண்மை. ஆனால் ஒருங்கிணைவு என்பதில் நகலெடுப்பது ஒரு சிறு பகுதி. இரண்டு பேர் ஒரு மேசையைத் தூக்கிப் படியிறங்கினால் முன்னால் போகிறவர் செய்வதைப் பின்னால் வருகிறவர் அப்படியே செய்தால் மேசை விழும். ஒருவர் தூக்க மற்றவர் தாழ்த்த வேண்டும். பேச்சும் அப்படித்தான், நான் பேசும்போது நீங்களும் பேசினால் அது உரையாடல் இல்லை.

ஒத்திசைவு கூடக் கூட நல்லது என்பதும் சரியில்லை. எட்வர்ட் ட்ரானிக் குழுவினர் பார்த்தபோது, நன்றாக இருக்கும் தாய்-குழந்தை ஜோடிகள்கூட மூன்றில் ஒரு பங்கு நேரம் அளவில்தான் ஒரே நிலையில் இருந்தார்கள். மிச்ச நேரமெல்லாம் விலகல், அதைச் சரிசெய்தல், மறுபடி விலகல். அந்தச் சரிசெய்தலில்தான் உறவு வளர்கிறது என்பது அவருடைய வாதம், எனக்கும் அது சரியென்றே படுகிறது. அதேபோல, சேர்ந்து தாளம் தட்டினால், சேர்ந்து நடந்தால் மனிதர்கள் ஒருவருக்கொருவர் அதிகம் உதவுகிறார்கள் என்ற 2009-ஐ ஒட்டிய பிரபலமான சோதனைகளையும் நிதானமாகப் படியுங்கள். விளைவு இருக்கிறது, ஆனால் தலைப்புச் செய்திகள் சொல்கிற அளவு பெரியதில்லை. சோதனை நடத்துபவருக்கே எந்தக் குழு எது என்று தெரிந்திருக்கும்போது அவருடைய நடத்தை எவ்வளவு கலந்திருக்கிறது என்ற சந்தேகமும் போகவில்லை. ரோசந்தால் எழுப்பிய அதே சந்தேகம்தான்.

வேலை தினசரி எப்படி இருக்கும்? ஆரம்ப வருடங்களில் பெரும்பாலும் வீடியோவுக்கு முன்னால். ஒரு தலையாட்டல் எந்த ஃபிரேமில் ஆரம்பிக்கிறது என்று குறிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகவாய் கீழே இறங்குவதற்கு முன்னால் மிக லேசாக மேலே எழும்பும். அந்த எழும்பலும் தலையாட்டலில் சேர்த்தியா? ஒருவர் சேர்த்தி என்பார், இன்னொருவர் இறங்கத் தொடங்குகிற இடம்தான் ஆரம்பம் என்பார். வித்தியாசம் மூன்று ஃபிரேம், அதாவது 120 மில்லிவிநாடி. நீங்கள் அளக்கப்போவதே 200 மில்லிவிநாடி இடைவெளி என்றால் இந்தச் சண்டையைத் தீர்க்காமல் ஓர் அடி நகர முடியாது. விதியை எழுதி, இருவர் தனித்தனியாகக் குறித்து, எவ்வளவு ஒத்துவருகிறது என்று கணக்குப் பார்த்து, விதியைத் திருத்தி, மறுபடி முதலிலிருந்து. இப்போது ஓப்பன்போஸ் போன்ற மென்பொருள்கள் உடம்பின் மூட்டுகளைத் தாமே பின்தொடர்கின்றன, அது பெரிய உபகாரம். ஆனால் எது ஓர் அசைவு, எது இரண்டு என்பதை அவை சொல்லாது.

இரண்டு கேமராவில் எடுத்தால் பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒருமுறை கை தட்டுங்கள், நீளமான பதிவில் கேமராக்களின் கடிகாரங்கள் மெல்ல விலகும். முகம் தெரிகிற வீடியோவைப் பெயர் நீக்கி மறைத்துவிட முடியாது என்பதால் ஒப்புதல் படிவத்தில் யார் பார்ப்பார்கள், எத்தனை வருடம் இருக்கும், மாநாட்டில் காட்டலாமா என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். பின்னால் கேட்க முடியாது. புள்ளியியலில் சராசரியும் டி சோதனையும் போதாது, காலத்தொடர் பகுப்பாய்வு, அதாவது ஓர் அளவு கணத்துக்குக் கணம் மாறுவதை ஆராயும் முறை, கட்டாயம். நிரல் எழுதத் தெரியாவிட்டால் இப்போதே தொடங்குங்கள். இடம் தேடும்போது உளவியல் துறைகளோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இயக்க அறிவியல், மொழியியல், தொடர்பியல், மனநல மருத்துவம், ரோபோவியல் ஆய்வகங்களிலும் இதே கேள்வியை வேறு பெயரில் ஆராய்கிறார்கள்.

விண்ணப்பிப்பதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். ஆய்வுக்காகப் பொதுவில் திறந்துவைத்திருக்கும் உரையாடல் பதிவுகளில், பேசுபவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனிக் கேமராவில் எடுத்த சில ஜோடிகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரின் தலையாட்டல் நேரத்தையும் மற்றவரைப் பார்க்காமல் குறியுங்கள். நிஜ ஜோடிகளில் எத்தனை பொருந்துகிறது, ஆளை மாற்றிப் போட்ட ஜோடிகளில் எத்தனை பொருந்துகிறது என்று எண்ணுங்கள். வித்தியாசம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, நீங்கள் எடுத்த முடிவுகளோடு இரண்டு பக்கத்தில் எழுதி, யாரிடம் சேர விரும்புகிறீர்களோ அந்தப் பேராசிரியருக்கு அனுப்புங்கள். இந்தத் துறையின் மேல் உங்களுக்கு எவ்வளவு ஆர்வம் என்று விவரிக்கும் கடிதத்தைவிட அதை அவர்கள் கவனமாகப் படிப்பார்கள்.